மேலதிக நேரச் சம்பளம்: எதை, எதால் வகுப்பது?

நல்லூரில் கொடியேறிவிட்டால் அந்த இருபத்தைந்து நாளும், பிறகு தீபாவளிக்கு முந்திய கிழமைகளிலும், யாழ்ப்பாண நகரத்துக் கடைகளில் கதவு இறங்கும் நேரம் பின்னுக்குப் போய்விடும். கஸ்தூரியார் வீதி நகைக்கடை, சுன்னாகத்துப் பலசரக்குக் கடை, நெல்லியடியில் ஒரு செருப்புக்கடை, எதுவானாலும் ஏழு மணி எட்டாகும், எட்டு ஒன்பதாகும். மாத முடிவில் சம்பளம் கைக்கு வரும்போது அந்த மணித்தியாலங்களும் அதற்குள் வந்திருக்கின்றனவா என்று பார்க்கத் தெரிய வேண்டும். இந்த அத்தியாயம் அதற்கானது.

கேட்டால் வரும் பதில் குடாநாட்டில் வேலைக்கு நின்ற எவருக்கும் பழக்கமானது. "தம்பி, எல்லாம் சேர்த்துத்தானே மாசம் இவ்வளவு எண்டு பேசினனாங்கள்." சட்டம் இந்தப் பேச்சை ஏற்பதில்லை. மாதச் சம்பளம் என்பது ஒரு குறிப்பிட்ட அளவு மணித்தியாலத்துக்கான விலை. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். வாய்ப்பேச்சில் உடன்பட்டதாலோ, கையெழுத்து வைத்ததாலோ அந்த உரிமை போய்விடாது.

கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடியது. பிழைப்பதெல்லாம் கணக்குக்கு முன்னர்தான்: எத்தனை மணித்தியாலம் என்று எண்ணுவதிலும், எந்தத் தொகையை வகுப்பது என்பதிலும், எந்த எண்ணால் வகுப்பது என்பதிலும்.

எந்தச் சட்டத்தின் கீழ்?

வட மாகாணத்துக்கென்று தனித் தொழிற் சட்டம் கிடையாது. காணிக்கும் சீதனத்துக்கும் தேசவழமை உண்டு. சம்பளத்தைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. பருத்தித்துறைக்கும் அம்பாந்தோட்டைக்கும் ஒரே சட்டந்தான். ஆனால் அந்த ஒரே நாட்டுக்குள் தனியார் துறைக்கு இரண்டு பெரிய சட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. தான் எதற்குள் வருகிறார் என்பதை ஊழியர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். துணிக்கடை, மருந்துக்கடை, சுப்பர் மார்க்கெட், கணக்காளர் அலுவலகம், காப்புறுதிக் கிளை, கணினி மென்பொருள் நிறுவனம் எல்லாம் இதற்குள். மற்றது 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம். ஆடைத் தொழிற்சாலை, அச்சகம், மோட்டார் போக்குவரத்து, கட்டட வேலை, தனியார் மருத்துவமனை, பாதுகாப்புச் சேவை என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சபை உண்டு. முதலாளிமார், தொழிலாளர், அரசு நியமித்தவர்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்து அந்தத் தொழிலின் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் தீர்மானிப்பார்கள். அது வர்த்தமானியில் வெளிவரும். அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டையில் இயந்திரத்தின் முன் நிற்பவருக்கும் யாழ். நகரில் கடைக் கௌண்டருக்குப் பின்னால் நிற்பவருக்கும் கணக்கு வேறுபடுவது இதனால்தான்.

சாப்பாட்டுக் கடை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கடைச் சட்டத்தின் 'கடை' என்ற வரையறைக்குள் அது வருகிறது. ஹோட்டல், உணவு விநியோகத் தொழிலுக்கென்று சம்பளச் சபையும் இருக்கிறது. இப்படியான இடத்தில் வேலை செய்பவர் தானாக முடிவெடுக்காமல் தொழில் அலுவலகத்தில் கேட்பதே புத்தி. அரச ஊழியரின் மேலதிக நேரம் தாபனக் கோவையின்படி நடக்கிறது. அது இந்த நூலில் இல்லை. பருத்தித்துறைக் கடலில் பங்குக்குத் தொழில் செய்பவர் சம்பள ஊழியர் அல்லர், அவருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரால் நின்றபின், நூற்றுக்கணக்கானோர் ஒரே வாசலால் வேலைக்குப் போகும் இடங்கள் குடாநாட்டில் அரிதாகிவிட்டன. இன்று பெரும்பாலானோர் நிற்பது மூன்று பேர், ஐந்து பேர் உள்ள சிறு கடைகளில். "நாங்கள் சின்னக் கடை, எங்களுக்கு உது இல்லை" என்று சொல்வது வழக்கம். பிழை. ஒரே ஒருவரை வைத்திருந்தாலும் கடைச் சட்டம் பொருந்தும்.

மணித்தியாலத்தை எண்ணுதல்

கடைச் சட்டத்தின்படி சாதாரண வேலை நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். சாப்பாட்டு இடைவேளை இதில் சேராது. காலை 8 முதல் மாலை 5 வரை, நடுவில் ஒரு மணித்தியாலம் மதியச் சாப்பாடு என்றால் சரியாக எட்டு. ஐந்து நாள் அப்படி, சனிக்கிழமை ஐந்து மணித்தியாலம், மொத்தம் 45. அதற்கேற்றாற்போல் கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்துடன் ஓய்வும் கிடைக்க வேண்டும். அந்தக் கிழமையில் 28 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேலை செய்திருந்தால் போதும்.

மேலதிக நேரம் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது.

இப்போது ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். காலை எட்டரைக்குத் திறப்பு, மாலை ஏழரைக்குப் பூட்டு, மதியம் ஒரு மணித்தியாலம் சாப்பாடு, ஞாயிறு மட்டும் லீவு. குடாநாட்டில் இதைவிடச் சாதாரணமான கடை இல்லை. ஆனால் நாளுக்கு 10 மணித்தியாலம், ஆறு நாள், 60 மணித்தியாலம். சாதாரண நேரம் 45 போக மிச்சம் 15. ஒவ்வொரு கிழமையும் 15. திருவிழா இல்லை, தீபாவளி இல்லை, வெறும் மாசி மாதத்துக் கிழமை! சட்டம் அனுமதிக்கும் 12ஐயும் மூன்று மணித்தியாலம் தாண்டியாகிவிட்டது. அரை நாள் ஓய்வும் போய்விட்டது.

எல்லையைத் தாண்டி வேலை வாங்கியது முதலாளியின் குற்றம். அதைக் காட்டி 12க்கு மட்டும்தான் காசு என்று சொல்ல முடியாது. 15க்கும் கொடுத்தே ஆக வேண்டும்.

2026 சனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. இந்தக் கடையில் அந்தக் குறைந்தபட்சத்துக்கு ஒருவர் நிற்கிறார் என்று வைப்போம். அவருடைய மேலதிக நேரம் மணிக்கு 187 ரூபா 50 சதம். எப்படி வருகிறது என்பதைக் கீழே பார்க்கலாம். நான்கு கிழமைக்கு 60 மணித்தியாலம் என்றால் 11,250 ரூபா. 'மாசம் முப்பது' என்று பேசி வேலைக்குச் சேர்ந்தவருக்கு ஒவ்வொரு நான்கு கிழமைக்கும் சட்டப்படி சேர வேண்டியது 41,250. திருவிழாக் காலத்து ஓ.டி.யை, அதாவது மேலதிக நேரச் சம்பளத்தைப் பற்றிச் சண்டை பிடிப்பவர்கள்கூடச் சாதாரண மாதத்து ஓ.டி.யை மறந்துவிடுகிறார்கள். பெரிய பணம் போவது அந்த வழியாகத்தான்.

இன்னொன்று. கதவை இறக்கிய பிறகு காசு எண்ணுவது, குலைந்த சேலைகளை மடித்து அடுக்குவது, சரக்கு லொறி வந்தால் இறக்குவது, காலையில் திறக்கமுதல் கூட்டித் துடைப்பது எல்லாம் வேலை நேரந்தான். வாடிக்கையாளர் உள்ளே இல்லை என்பதால் அது இலவசமாகிவிடாது. மலையகத்திலிருந்து வந்து கடையிலேயே தங்கி நிற்கும் பொடியன்மாருக்கு இது அதிகம் பொருந்தும். தங்குமிடமும் சாப்பாடும் தருகிறோம் என்பது ஒரு வசதி, அதை மேலதிக நேரச் சம்பளமாகக் கணக்கு வைக்க முடியாது.

வகுத்தல்

கடை, அலுவலக ஊழியருக்குச் சூத்திரம் இது: மாத வேதனத்தை 240ஆல் வகுத்து ஒன்றரையால் பெருக்க வேண்டும். முப்பது நாள், நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்றால் 240. ஆகவே 30,000ஐ 240ஆல் வகுத்தால் 125. ஒன்றரை மடங்கு 187.50.

சம்பளச் சபைத் தொழில்களில் பொதுவாக வகுக்கும் எண் 200. அங்கே மாதம் இருபத்தைந்து வேலை நாளாக எண்ணப்படுகிறது. இருபத்தைந்து தரம் எட்டு, 200. அதே 30,000 ரூபா அங்கே மணிக்கு 150 ஆகி, மேலதிக நேரத்துக்கு 225 ஆகிறது. ஒரே சம்பளம், ஒரே மணித்தியாலம், ஆனால் 37 ரூபா 50 சதம் வித்தியாசம். தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு அலுவலகக் கணக்கின்படி 240ஆல் வகுத்துக் கொடுத்தால் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. கணினியில் சம்பளம் போடும் நிறுவனங்களிலும் இந்தப் பிழை நடக்கக் கூடும். மென்பொருளில் ஒருமுறை 240 என்று அடித்துவிட்டால் அது எல்லாருக்கும் 240தான். முன்பு சொன்னதுபோல ஒவ்வொரு சபைக்கும் தனித் தீர்மானம் உண்டு என்பதால், தன் தொழிலின் வர்த்தமானி என்ன சொல்கிறது என்று ஒருமுறை பார்த்துவைப்பது நல்லது.

அடுத்தது, எதை வகுப்பது? இங்கேதான் கெட்டித்தனம் காட்டுவார்கள். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றக் கொடுப்பனவுகளை ஒதுக்கிவிடுவது ஊரறிந்த உத்தி. கடைச் சட்டத்தின் 'வேதனம்' என்ற சொல் சம்பளத்தோடு வாழ்க்கைச் செலவுப் படியையும் அதுபோன்ற விசேட படிகளையும் சேர்த்துத்தான் குறிக்கிறது. அடிப்படை 30,000, வாழ்க்கைச் செலவுப் படி 6,000 என்றால் வகுக்க வேண்டியது 36,000. மணிக்கு 150, மேலதிக நேரத்துக்கு 225. இருபது மணித்தியாலம் நின்றவருக்கு 4,500. அடிப்படையை மட்டும் வகுத்தால் 3,750தான் வரும். 36,000ஐ எடுத்து, ஆனால் ஒன்றரையால் பெருக்காமல் விட்டால் 3,000. மூன்று தொகையும் கணக்குப் போட்டதுபோலவே தோன்றும். சரியானது முதலாவது மட்டும்.

இதில் ஒரு பழைய கதையும் உண்டு. 2005ஆம் ஆண்டின் சட்டம் தந்த 1,000 ரூபாவும் 2016ஆம் ஆண்டின் சட்டம் தந்த 2,500 ரூபாவும் வரவு செலவுத் திட்ட நிவாரணப் படி என்று தனி வரியில் வந்துகொண்டிருந்தன. அந்த 3,500ஐயும் மேலதிக நேரக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று சட்டமே சொல்லியிருந்தும், சேர்க்காத இடங்கள் இருந்தன. 2025 ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளம் 27,000 ஆனபோது அந்தப் படி அதற்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டது. ஒரு சாட்டுக் குறைந்தது.

'ஓ.டி. மணிக்கு நூறு ரூபா' என்று ஒரே விலை வைத்திருக்கும் கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021இல் குறைந்தபட்சச் சம்பளம் 12,500, நிவாரணப் படி 3,500, மொத்தம் 16,000. அதை 240ஆல் வகுத்து ஒன்றரையால் பெருக்கினால் சரியாக நூறு ரூபா. அதாவது அன்றைக்கு அது நியாயமான விலையாக இருந்திருக்கலாம். பிறகு குறைந்தபட்சம் 2024 செப்டெம்பரில் 17,500 ஆகி, 2025இல் 27,000 ஆகி, 2026இல் 30,000க்கு வந்துவிட்டது. நூறு மட்டும் நூறாகவே நின்றால் மணிக்கு 87 ரூபா 50 சதம் சத்தமில்லாமல் போகிறது. சம்பளம் ஏறினால் ஓ.டி.யும் தானாக ஏற வேண்டும்; அதற்குத் தனியாக ஒரு விலை பேசுவதற்கு இடமில்லை.

சம்பளச் சீட்டில் ஒரு தந்திரம்

மேலதிக நேரச் சம்பளத்துக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டத் தேவையில்லை. ஊழியரின் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் அதற்கு வெளியே. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி கட்டும் 3 சதவீதமும் அப்படியே. இதைத் தெரிந்த சிலர் சம்பளத்தின் ஒரு துண்டையே வெட்டி 'ஓ.டி.' என்று சீட்டில் எழுதிவிடுகிறார்கள். 36,000 என்று பேசிய சம்பளம் 30,000 ஆகவும் 6,000 ஓ.டி. ஆகவும் பிரிகிறது. முதலாளிக்கு மாதம் 900 ரூபா மிச்சம். ஊழியரின் கைக்கு வருவது கொஞ்சம் கூடினதுபோல இருக்கும், ஏனென்றால் அவருடைய 480 ரூபாவும் பிடிபடவில்லை. ஐம்பத்தைந்து வயதில் சேமலாபப் பணம் எடுக்கப் போகும்போதுதான் ஓட்டை தெரியும். உண்மையில் மேலதிகமாக நின்ற நேரத்துக்கும் ஏற்கெனவே ஓ.டி. கொடுத்தாயிற்று என்று சொல்ல அந்தச் சீட்டே சாட்சியாகிவிடும்.

கண்டுபிடிக்க ஒரு வழி: ஓ.டி. தொகை மாதாமாதம் ஒரே எண்ணாக இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான மேலதிக நேரம் மாசிக்கும் ஆடிக்கும் ஒன்றாக இருக்காது.

போயா, பொங்கல், தீபாவளி

போயா நாளில் வேலைக்கு அழைத்தால் அன்றைய நாட் சம்பளத்தை ஒன்றரை மடங்காகக் கொடுக்க வேண்டும் என்பது 1971ஆம் ஆண்டின் விடுமுறைகள் சட்டம். மாதம் 36,000 வாங்குபவருக்கு நாள் 1,200, போயாவுக்கு 1,800.

கடைச் சட்டத்தின்படி ஆண்டுக்கு எட்டு சட்டரீதியான விடுமுறைகள் உண்டு: தைப்பொங்கல், சுதந்திர தினம், நபிகள் நாயகம் பிறந்த தினம், புத்தாண்டுக்கு முதல் நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக் போயாவுக்கு அடுத்த நாள், நத்தார். இவற்றில் வேலை செய்தால் டிசெம்பர் 31க்கு முன்னர் சம்பளத்துடன் ஒரு மாற்று லீவு, அல்லது இரட்டைச் சம்பளம். தீபாவளி இந்த எட்டில் இல்லை. வங்கியும் அரச அலுவலகமும் பூட்டியிருக்க, கடையில் நிற்பவருக்கு அது சட்டப்படி சாதாரண வேலை நாள். குடாநாட்டில் அன்றைக்கு அநேகமான கடைகள் திறப்பதில்லை என்பதால் இது பெரும்பாலும் பேச்சுக்கு வராது. ஆனால் தீபாவளிக்கு முதல் நாள் இரவு பத்து மணி வரை நின்றதற்கு ஒன்றரை மடங்கு உண்டு, அதை விடக் கூடாது.

தொழிற்சாலைகளில் பெண்களை இரவு 10 மணிக்குப் பின் வேலைக்கு வைப்பதற்குத் தொழில் ஆணையாளரின் எழுத்து மூல அனுமதி வேண்டும்; மாதத்தில் பத்து இரவுக்கு மேல் கூடாது; சம்பளம் ஒன்றரை மடங்கு.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் சொல்லும் கணக்கோடு இதைக் குழப்ப வேண்டாம். கனடாவின் ஒன்ராறியோவில் கிழமைக்கு 44 மணித்தியாலம் தாண்டினால் ஒன்றரை மடங்கு, ஏறக்குறைய நம்முடையதுதான். இலண்டனில் மேலதிக நேரத்துக்குக் கூடுதல் விகிதம் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இல்லை. அது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தில் இரு மடங்கு. அந்த வகையில் சென்னைத் துணிக்கடை ஊழியரின் எழுத்துச் சட்டம் யாழ்ப்பாணத்தவரதைவிட ஒரு படி மேல்.

எழுதிவைத்தல், முறையிடுதல்

பெரும்பாலான தகராறு விகிதத்தைப் பற்றியதல்ல. 'நீ அன்றைக்கு நின்றாயா' என்பதைப் பற்றியது. வரவுப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் வைத்திருப்பது முதலாளியின் கடமை. ஆனால் பதிவேட்டில் எல்லா நாளும் 8.00 - 5.00 என்று ஒரே பேனையால் எழுதியிருந்தால் ஊழியரின் கையில் வேறு ஏதாவது இருக்க வேண்டும். ஒரு சின்னக் கொப்பி போதும்: திகதி, வந்த நேரம், சாப்பாட்டுக்குப் போன நேரம், போன நேரம். அன்றன்றைக்கு எழுதியதாக இருக்க வேண்டும். மாத முடிவில் நினைவிலிருந்து எழுதினால் விசாரணையில் நிற்காது. 'இன்னும் ஒரு மணித்தியாலம் நில்லுங்கோ' என்று முதலாளி அனுப்பிய வட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். நியமனக் கடிதம் கேட்டு வாங்குங்கள். கொடுக்க வேண்டியது சட்டக் கடமை. மாதச் சம்பளம் அந்த மாதம் முடிந்து பத்து நாளுக்குள் வர வேண்டும், மேலதிக நேரமும் சேர்த்து.

முதலில் நேரே கேட்பதுதான் நம் ஊர் வழி, அது பிழையுமில்லை. கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினால், உண்மையிலேயே தெரியாமல் குறைத்துக் கொடுத்த முதலாளி திருத்திவிடுவார். அப்படியானவர்களும் இருக்கிறார்கள். சரிவராவிட்டால் யாழ்ப்பாணத்தில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். தமிழில் எழுதினால் போதும், சட்டத்தரணி தேவையில்லை, கட்டணமும் இல்லை. தொழில் அலுவலர் இரு தரப்பையும் அழைத்துப் பதிவேடுகளைப் பார்ப்பார். கடைக்கே வந்து பார்க்கவும் அதிகாரம் உண்டு. தீர்மானித்த தொகையை முதலாளி கட்ட மறுத்தால் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும்.

கேட்டதற்காகவே வேலையை விட்டு நிறுத்தினால் அது வேறு வழக்கு, வேறு இடம்: தொழில் நியாய சபை. அங்கே விண்ணப்பிக்க ஆறு மாதம்தான் அவகாசம். பேசித் தீர்க்கலாம் என்று உறவினரும் ஊர்ப் பெரியவரும் சொல்லிச் சொல்லி அந்த ஆறு மாதத்தைக் கடத்திவிடாதீர்கள். பேச்சு நடக்கட்டும், விண்ணப்பமும் போகட்டும்.

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. பத்து மணித்தியாலம் கடை திறந்திருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஒரே ஆள் பத்து மணித்தியாலமும் நிற்பதற்குத்தான் விலை வைத்திருக்கிறது. காலைக்கு ஒருவர், பின்னேரத்துக்கு ஒருவர் என்று நேரத்தை மாற்றி வைத்தால் கிழமைக்குப் பதினைந்து மணித்தியாலத்தின் ஒன்றரை மடங்கு மிச்சமாகும். அடுத்த திருவிழாக் காலம் வருமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.